பஸ்ஸில் இருந்த குறளும் என் தம்பியும்

கடலூர் ஓ.டி. அக்கா:

ஒரு பொன்மொழியோ குறளோ பெரியவர்கள் சொல்லோ உங்களுக்கு உண்மையாகவே உதவியிருந்தால் இங்கே எழுதுங்களேன். காலை வணக்கத்தோடு வருகிற ரோஜாப்பூப் படங்களைக் கேட்கவில்லை. அதைப் படித்ததால் அன்றைக்கு ஒரு காரியம் செய்தீர்கள், இல்லை, செய்ய இருந்ததை விட்டீர்கள், அந்த மாதிரி. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்.

புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ், ராத்திரி அதே வழியில் திரும்பி வர வேண்டும். 2011 டிசம்பர் 30 எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய நாள். என் தம்பி அந்த வருஷம்தான் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அந்தப் பணத்தில் பாதி என் வளையலை அடகு வைத்துக் கொடுத்தது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் அவனால் தோப்புக்கே போக முடிந்தது. போய்ப் பார்த்தால் முந்திரி, ஓரத்தில் நின்ற பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. நான் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "புயல் எல்லாருக்கும்தான் வந்தது. நீ தொட்டது எதுடா இதுவரைக்கும் விளங்கியிருக்கு?"

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பொங்கலுக்கு வரவில்லை. அம்மா திவசத்துக்கு வந்தான், என்னைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நம் அரசு பஸ்ஸில் ஒரு குறள் எழுதியிருப்பார்கள் இல்லையா, நான் அடிக்கடி ஏறுகிற ஒரு பஸ்ஸில் "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு" என்று இருந்தது. 129ஆவது குறள். ஸ்கூலில் மனப்பாடப் பகுதியில் வந்ததுதான், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். முதல் சில நாள் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னல் ஓரமாகத் திரும்பிக்கொண்டேன். ஆனால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று பஸ் நின்று நின்று போகும்போது கண் எங்கே போகும்? ஒரு நாள் எழுத்து எழுத்தாகப் படித்தேன். நெருப்பு சுட்டதை வள்ளுவர் புண் என்கிறார், நாக்கு சுட்டதை வடு என்கிறார். இத்தனை வருஷம் அது எனக்குப் படவே இல்லை. வீட்டுக்கு வந்து பரிமேலழகர் உரையைத் தேடிப் பார்த்தால் அவரும் இதையேதான் சொல்கிறார், ஆறிப்போவதால் அது புண், ஆறாமல் கிடப்பதால் இது வடு.

அதுவரைக்கும் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. போய் மன்னிப்புக் கேட்டால் அவன் மறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று. அதனால்தான் ஐந்து மாதம் போகவில்லை. குறள் அந்தக் கணக்கை அடித்துப் போட்டது. அது ஆறாது, நீ கேட்டாலும் ஆறாது என்று அத்தனை தெளிவாக எழுதியிருக்கிறதே! அப்படியென்றால் அவன் மறக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "நான் சொன்னது தப்புடா. நீ மறக்க வேண்டாம். தப்புன்னு எனக்குத் தெரியும்னு சொல்லத்தான் வந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "மறக்க முடியலக்கா. சரி, உள்ள வா, சாப்பிடு" என்றான். சோற்றைப் போட்டு அவனே சாம்பார் ஊற்றினான்.

இப்போது நீங்கள் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை தையல்காரர்:

அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்திவிட்டேன்.

என்னுடையது காலண்டர் விஷயம். கடையில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன், ராகுகாலத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருப்பார்கள். காலையில் தாளைக் கிழித்ததும் அதைப் படித்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். ஒரு நாள் "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு". அன்றைக்குத்தான் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. எவ்வளவு கடன், எத்தனை மாதம், ஏற்கெனவே வேறு எங்கே பாக்கி என்று அவரை நான் கேட்டதே இல்லை, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று. அன்று கேட்டேன். பதில் சரியாக வரவில்லை. கையெழுத்துப் போடவில்லை.

எல்லாரும் முதல் பாதியைத்தான் சொல்வார்கள், எனக்குப் பெரிதாக உதவியது பின்பாதி. அவர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவார். ராத்திரி படுத்தால் போட்டிருக்கலாமோ, போட்டிருக்கலாமோ என்றே ஓடும். அப்போதெல்லாம் பின்பாதியைச் சொல்லிக்கொள்வேன். யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசித்தாயிற்று, இனி அதையே பிசைந்துகொண்டிருப்பது இழுக்கு என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். அந்தத் தாள் இன்னமும் பர்ஸில் இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

நெய்வேலி தம்பி:

நான் வடலூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்பதை வாட்ஸப் ஸ்டேட்டஸாக எத்தனை தடவை வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு இன்டர்வியூ கைவிட்டுப்போய், பையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து திரும்பும்போது பசி தாங்காமல் வடலூரில் இறங்கிவிட்டேன். சத்திய தருமச்சாலையில் இலை போட்டார்கள். யார், எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு தாத்தா, அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தையோடு ஒரு அம்மா. வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பரிமாறியவர் சொன்னார். பயிர் வாடியதைப் பார்த்து வாடிய மனுஷன் பாட்டோடு நிறுத்தவில்லை, அடுப்பு மூட்டியிருக்கிறார். நான் ஸ்டேட்டஸ் வைத்ததோடு நிறுத்தியிருக்கிறேன். இப்போது முடிகிறபோதெல்லாம் போய்க் காய் நறுக்கிக் கொடுக்கிறேன். வேலையும் கிடைத்துவிட்டது, அது வேறு கதை.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எல்லாரும் நல்லதாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியில் 40 நாள் கிடந்தபோது என் போனுக்கு வந்ததெல்லாம் பொன்மொழிதான். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று ஒருவர். கடவுள் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கஷ்டம் கொடுப்பார் என்று இன்னொருவர். "இடுக்கண் வருங்கால் நகுக" என்று சொந்தக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார், எனக்கு அப்படி எரிந்தது. அந்த நாட்களில் எனக்கு உதவியது ஒன்றுமே பேசாமல் தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அம்மாதான்.

ஆனால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 30ஆவது நாளோ என்னவோ, வார்டு வராந்தாவில் என் சின்ன மகன் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் தோளில் சாய்ந்துவிட்டான். அவரும் தூங்கி இவன் தலைமேல் சாய்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் குறட்டை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அப்புறம் உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மூக்கில் டியூபோடு அவரும் சிரித்தார். அந்த ஒரு மணி நேரம் கஷ்டம் எங்கள் மேல் உட்காரவில்லை, நாங்கள்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். அந்த நகுக குறளில் வருகிற "அடுத்தூர்வது" என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் எனக்கு அந்தக் குறள் மேல் கோபம் போய்விட்டது, அதைக் கொண்டுவந்து சொன்னவர் மேல்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய குறள், கஷ்டத்தில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. என் வீட்டுக்காரர் இப்போது நன்றாக இருக்கிறார், கேட்பீர்கள் என்று தெரியும்.

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், புதுச்சேரி:

ஒரு சின்ன வேண்டுகோள். பேரனை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தவர், இங்கிருந்து கிளம்பியதும் கடலூர் அருகில்தான் கைதானார் என்று கதை சொல்லிக்கொண்டு போனேன். பையன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இந்த பாரதியார் வரி எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றான். முண்டாசுப் படம், கீழே ஒரு வரி, எனக்கும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அவருடைய கவிதைத் தொகுப்பு முழுக்கத் தேடினோம், கட்டுரைகளிலும் பார்த்தோம், எங்குமே இல்லை. அப்துல் கலாம் படத்தோடு வருவதும் இதே கதைதான். வரி நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் எழுதாததற்கு அவர் பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள். குறளுக்கு அந்தக் கவலை இல்லை, எண்ணைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளையும் எடுத்துப் பார்த்துவிடும்.

கடலூர் ஓ.டி. அக்கா:

மஞ்சக்குப்பம் அம்மா, நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. என் பஸ் குறளையே யாராவது அந்த ஐந்து மாதத்தில் எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் சண்டைக்குத்தான் போயிருப்பேன்.

இன்றைக்குத் தம்பி வந்திருந்தான். இதையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் எழுதியது மனசுக்குச் சரியாகப் படவில்லை, போனை அவன் கையில் கொடுத்துவிட்டேன். முழுக்கப் படித்தான். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அன்னைக்கு சாம்பார் இல்லக்கா, கருவாட்டுக் குழம்பு" என்றான்.