ஆபத்து நேரத்தில் கைகொடுத்த வீடியோக்கள்: செட்டிநாட்டு அனுபவங்கள்

கண்டனூர் டீச்சர்:

நம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. இவர்களுடைய போனுக்குத் தினமும் ஏதாவது ஒரு உடல்நல வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதும் அதில் உண்டு, உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. உங்கள் வீட்டில் ஒரு வீடியோ உண்மையிலேயே உதவியிருந்தால் இங்கே எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் என்னுடையது. இதயம் நின்றுபோனவருக்குச் செய்கிற சிபிஆர் முதலுதவி பற்றிய ஒரு தமிழ் வீடியோவை எங்கள் தெரு மகளிர் குழுவில் சேர்ந்து பார்த்தோம். ஒரு பெரிய வீட்டு வளவில் வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஓட்டினோம். பார்த்து முடித்ததும் எல்லோரும் எழுந்து போகவிடாமல் தலையணைகளைக் கொண்டுவந்து போட்டேன். நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக்கூடாது, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பார்க்கும்போது சுலபமாகத் தெரிந்தது. அழுத்திப் பார்த்தபோதுதான் ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியே ஆகவேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. மெத்தையில் கிடப்பவரை முதலில் தரைக்கு இறக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் புரிந்தது. மெத்தைமேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்குகிறது.

இன்னொன்றும் அன்றைக்குப் பேச்சில் வந்தது. "108-ஐ அழையுங்கள்" என்று வீடியோவில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளூரில் வீட்டின் விலாச எழுத்தை, அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகளைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? அதனால் எந்தத் தெரு வாசல், பக்கத்தில் எந்தக் கோயில், எந்த ஊருணி என்று ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு வழி சொல்லிப் பழகினோம். ஒருவர் போனில் பேசும்போது இன்னொருவர் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். எந்த வீடியோவிலும் இது இல்லை. ஆனால் வீடியோவைச் சேர்ந்து பார்த்ததால்தான் இந்தப் பேச்சே வந்தது.

தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அது வந்தால் தயவுசெய்து அழித்துவிட்டு, அனுப்பியவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இதயம் நின்று நினைவிழந்தவரால் இரும முடியாது. நெஞ்சு வலிக்காரர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம்தான் வீணாகும்.

புதுவயல் ரைஸ்மில் சூப்பர்வைசர்:

டீச்சர், எங்கள் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். சுகாதாரத் துறையினர் வந்து பாம்புக்கடி பற்றி ஒரு வீடியோ காட்டினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தோடு காட்டி, கட்டுவிரியனைப் பற்றி மட்டும் அழுத்திச் சொன்னார்கள். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அது பெரும்பாலும் கடிக்கும், கடித்த வலியே பெரிதாகத் தெரியாது, பல் பட்ட தடமும் சில நேரம் கண்ணில் படாது என்றார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், குடோனில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு தம்பி விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கூடப் படுத்திருந்தவர்தான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண் இமை தொங்குது, வீடியோவுல சொன்ன மாதிரியே இருக்கு"ன்னு சத்தம் போட்டார். கடித்த தடம் எங்கேயும் தெரியவில்லை. ஆனாலும் காத்திருக்கவில்லை, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போனோம். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். போன கொஞ்ச நேரத்தில் மூச்சு தடுமாறி, செயற்கை சுவாசமும் வைக்க வேண்டியிருந்தது. ஆள் பிழைத்துவிட்டான். வயிற்றுவலிதானே என்று இன்னும் கொஞ்ச நேரம் படுக்க வைத்திருந்தால் மூச்சு நின்றிருக்கும்.

கயிறு போட்டு இறுக்குவது, கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். இந்த நான்கு பாம்பின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் என்பதையும் அந்த வீடியோவில்தான் தெரிந்துகொண்டேன். 1978-லிருந்து அந்தச் சங்கம் இருக்கிறது. அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பள்ளத்தூர் பேத்தி:

நான் சொல்லப்போவது மனநல வீடியோ பற்றி. எங்கள் ஆயா, ஐயா போனபிறகு பெரிய வீட்டில் தனியாக இருந்தார்கள். "பசிக்கலை, காலெல்லாம் உளையுது, ராத்திரி கண்ணசர மாட்டேங்குது" என்பதுதான் எப்போதும் புகார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. மனச்சோர்வாக இருக்குமோ என்று நினைத்து ஒரு வீடியோவைக் காட்டினேன். இருட்டு அறை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு இளம்பெண், சோகமான வீணை. ஆயா பார்த்துவிட்டு, "எனக்கென்ன இப்படியா இருக்கு? பாவம் அந்தப் பிள்ளை" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து வேறொன்று கிடைத்தது. அதில் ஒரு டாக்டர், வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வராமல் உடம்பு வலியாக, பசியின்மையாக, தூக்கக் கேடாக, "நான் எல்லோருக்கும் பாரம்" என்கிற பேச்சாக வரலாம் என்று நிதானமாகச் சொன்னார். பாதியில் ஆயா, "நிறுத்து, திரும்பப் போடு" என்றார்கள். அப்புறம் அவர்களாகவே பேசத் தொடங்கினார்கள். சாயங்காலமானால் இரண்டாங்கட்டுப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்கள்.

14416-க்குப் போட்டேன். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் அவசரப்படாமல் கேட்டார். ஆயாவிடமும் பேசினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று நேராகவே கேட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் மனதில் இருப்பதை இறக்கிவைப்பார்கள் என்று பிறகு எனக்கு விளக்கினார். இப்போது மாத்திரையும் எடுக்கிறார்கள், பக்கத்து வீட்டு ஆச்சியோடு சாயங்காலம் கோயிலுக்கும் போகிறார்கள். இந்த வீடியோக்களை எடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் ஆயா மாதிரி ஒருவரையும் படத்தில் காட்டுங்கள்.

தேவகோட்டை வாசகர்:

பள்ளத்தூர் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் மைத்துனனுக்குப் பத்தொன்பது, இருபது வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கியது. செய்வினை என்றார்கள், மந்திரித்தார்கள். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தது. ஏர்வாடி நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதை என் மாமியாரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கடைசியில் அவர் மனம் மாறக் காரணம் ஒரு வீடியோவில் பேசிய இன்னொரு தாய். படித்தவர்போலப் பேசவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, மகனுக்கு என்ன செய்தது, எங்கெங்கே அலைந்தோம், எந்த மருந்தில் குணம் தெரிந்தது, நடுவில் நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொன்னார். என் மாமியார் அதை வேறு யாரும் இல்லாதபோது திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவரே, "ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாப்பிள்ளை" என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறார்கள், மாத்திரையும் இலவசம். மைத்துனன் இப்போது கடைக்குப் போய்வருகிறான்.

கானாடுகாத்தான் டெங்கு பணியாளர்:

சுருக்கமாக ஒன்று. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் முற்றத்து மழைத்தண்ணீர் விழுகிற அண்டா, கிடாரம் எல்லாவற்றிலும் கொசுப்புழு பார்க்கிறோம். கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டையைப் பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிந்துவிடும். நார் போட்டு உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாட்ச்மேன் அண்ணனுக்கு இதை என் போனிலேயே வீடியோவாகக் காட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதோடு நிற்காமல், வாரம் ஒருமுறை அவரே தேய்த்து வைத்துவிடுகிறார். சாவி கையில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

சிங்கப்பூரிலிருந்து கோட்டையூர்க்காரன்:

அப்பச்சி கோட்டையூரில், நான் இங்கே. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோதே வாய் ஒரு பக்கம் இழுத்தது, பேச்சு குழறியது. பக்கவாத வீடியோ ஒன்றை அலுவலகப் பயிற்சியில் பார்த்திருந்தேன். இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை இறங்கிவிட்டது.

108-ஐ இங்கிருந்து அழைக்க முடியாது. நல்லவேளையாக எதிர்வீட்டு அண்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. அவர் ஓடிப்போய்ப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அதற்குள் அங்கே கூடியவர்களில் ஒருவர், விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஊசியோடு வந்துவிட்டார். அதுவும் ஒரு வீடியோவில் பார்த்ததுதானாம். வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் புரையேறிவிடும் என்று நான் போனிலேயே கத்த வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். மதுரைக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் இருக்கிற நமக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். வீடியோ கால் தொடங்கிய நேரம் என் போனில் இருந்தது, அதைச் சொன்னேன். நேரத்துக்குள் ஊசி போட்டார்கள். பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது, கைக்கு இன்னும் பிசியோதெரபி நடக்கிறது.

வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளே, எதிர்வீடு, பக்கத்து வீடு, ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவர், இந்த மூன்று நம்பர்களையும் இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். அவர்களுக்கும் அந்தப் பக்கவாத வீடியோவை அனுப்பி, நீங்களே போனில் கூப்பிட்டு ஒருமுறை பேசிவிடுங்கள்.