மறு: மைக்ரோடார்கெட்டிங்குக்குத் தமிழ்ச் சொல் – ‘நுண்ணிலக்கு’ வேண்டாம், ‘ஆள்பார் விளம்பரம்’ எப்படி?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வாக்காளர் கைநூலுக்கான சொற்பட்டியலில் மற்றச் சொற்கள் பெரிய சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. நேரலை, பகிர்வு, போலிக் கணக்கு, பொய்ச்செய்தி எல்லாம் ஊரில் ஏற்கெனவே புழங்குகிறவை. மைக்ரோடார்கெட்டிங் (ஊர், வயது, மொழி பார்த்து ஆளுக்கொரு விளம்பரம் காட்டுவது) மட்டும்தான் இழுபடுகிறது. வந்த மடல்களை மொத்தமாக வாசித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> நுண் + இலக்கு. நேரான சொல், புணர்ச்சியும் சரி. ஏன் இவ்வளவு தயக்கம்?

சென்னை நண்பருக்கு: தயக்கம் இலக்கணத்தில் இல்லை. இந்தக் கைநூல் போகப்போவது புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாந்தை, செட்டிகுளம் பக்கத்து மாதர் சங்கங்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும். அங்கே ‘இலக்கு’ என்ற சொல் இரண்டு வழியால் வந்து சேர்ந்தது. ஒன்று, போர் முடிந்த 2009 வரைக்கும் செய்தியில் கேட்டது: இலக்கு வைத்து எறிகணை. மற்றது, அதற்குப் பிறகு தொண்டு நிறுவனப் படிவங்களோடு வந்தது: இலக்குக் குழு, பயனாளிகள், தெரிவு முறை. முதலாவது ஞாபகம் வந்தால் ஆட்களின் முகம் மாறும். இரண்டாவது ஞாபகம் வந்தால், ‘என்ன தரப்போறியள், கோழிக்குஞ்சோ தையல் மெசினோ?’ என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று முகநூல் விளம்பரத்தை விளக்க என்னால் முடியாது. ‘குறிவைப்பு விளம்பரம்’ இதைவிட மோசம். அதைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருமுறை பார்ப்போம். மடல்களில் மூன்று விடயங்கள் கலந்து கிடக்கின்றன.

காசு கட்டிப் பதிவைப் பரப்புவது ஒன்று. அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது: பூஸ்ட். கடைக்காரரும் ரியூசன் சேரும் வேட்பாளரும் ‘பூஸ்ட் பண்ணினது’ என்றுதான் சொல்கிறார்கள். அதை மாற்ற வேண்டாம், கைநூலிலும் பூஸ்ட் என்றே போடுவோம். இரண்டாவது, யாருக்குப் போக வேண்டும் என்று தெரிவு செய்வது: எந்த ஊர், எத்தனை வயது, ஆணா பெண்ணா, என்ன மொழி, எதில் ஆர்வம். கையில் தொலைபேசி இலக்கங்களின் பட்டியல் இருந்தால் அதையே ஏற்றி, அந்த ஆட்களைக் கணக்கோடு பொருத்திக் காட்டச் சொல்லலாம். மூன்றாவது, இந்தத் தெரிவால் ஆளுக்கொரு பேச்சுப் பேசுவது. சொல் தேவைப்படுவது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த இடத்துக்கு. ‘நுண்’ என்ற முன்னொட்டு இரண்டாவதை மட்டும் பிடிக்கிறது. எவ்வளவு துல்லியம் என்பது விளம்பரம் விற்பவரின் பெருமை. வாக்காளருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆங்கில மூலத்தில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா (முகநூல் தரவை அனுமதியில்லாமல் எடுத்த அரசியல் ஆலோசனை நிறுவனம்) கதை இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. 2018இல் வெளிவந்தது, 8.7 கோடி பேர் வரையான முகநூல் தரவு, சரி. ஆனால் மனத்தின் இயல்பை அளந்து வாக்கை மாற்றினோம் என்று அந்த நிறுவனம் அடித்த தம்பட்டத்தை நாங்கள் வன்னியில் திரும்ப அடிக்க வேண்டுமா? இங்கே அவ்வளவு தேவையே இல்லை. 2022 ஜனவரியில் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, மதம், அரசியல் சார்பு, உடல்நலம் போன்றவற்றைக் கொண்டு ஆட்களைத் தெரிவு செய்யும் வசதிகளை எடுத்துவிட்டது. ஊரும் மொழியும் எடுபடவில்லை. இலங்கையில் ஊரையும் மொழியையும் தெரிந்துவிட்டால் மிச்சத்தில் பாதி தானாகவே தெரிந்துவிடும். கைநூலில் அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு பந்தியாக்கலாம் என்பது என் எண்ணம்.

> வன்னியில் போய் மைக்ரோடார்கெட்டிங்கா? ஆறு ஆசனம்தானே. மைக் கட்டின ஓட்டோ போதாதா?

டொரொண்டோ அண்ணா, ஆறு ஆசனம் என்பதால்தான் வேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும். (கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு. வெளியூர் நண்பர்கள் இதை அடிக்கடி குழப்புகிறார்கள்.) மன்னாரில் இந்திய இழுவைமடியும் காற்றாலையும் பேச்சு. கொக்கிளாய், நாயாறு பக்கம் போனால் தெற்கிலிருந்து வந்து வாடி (கரையோரக் குடில்) போடும் மீனவர்களும் காணியும். வவுனியாவில் வேறு. ஒரே வேட்பாளர் இத்தனைக்கும் முகம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் விருப்பு வாக்கு. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, அந்தக் கட்சிக்குள் மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். ஆகவே ஒருவருடைய முதல் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அதே சின்னத்தில், அதே நோட்டீசில், பக்கத்தில் படம் போட்டு நிற்பவர்.

மைக் கட்டின ஓட்டோவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: அது எல்லோருக்கும் கேட்கும். பொக்கெற் மீற்றிங்கில் (ஊருக்குள் வைக்கும் சிறு கூட்டத்தில்) கூட மதில் ஓரத்தில் மற்றப் பக்கத்து ஆள் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று கேட்பார். இன்று மடுவில் சொன்னதை நாளைக்கு நெடுங்கேணியில் மாற்றிச் சொன்னால் பிடிபடும். போனில் வருவது அப்படியில்லை. ‘எங்கட ஊர்ப் பிள்ளைக்கு உங்கட விருப்பு வாக்கு’ என்று மன்னாரில் உள்ளவருக்கு மட்டும் காட்டி, முல்லைத்தீவில் கட்சி ஒற்றுமையைப் பற்றிய காணொளியைக் காட்டலாம். பக்கத்தில் படம் போட்டு நிற்கிறவருக்கே தெரியவராது. ஒருவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதுதான் விடயம், கைநூலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து ரீச்சர் அக்கா ‘அவையறி விளம்பரம்’ என்று எழுதியிருந்தார். அழகான சொல், வாசித்ததும் பிடித்துப்போனது. ஆனால் அவையறிதல் என்று தமிழில் சொன்னதெல்லாம் ஒரு அவை இருக்கிறது, அதில் எல்லோரும் ஒன்றாக இருந்து கேட்கிறார்கள் என்ற அடிப்படையில்தான். இங்கே அந்த அவையே கலைந்துவிட்டது. அவரவர் கட்டிலில் படுத்தபடி தனித்தனியாகப் பார்க்கிறார்கள். பொருளுக்கு நேர் எதிரான சொல்லை, அது எவ்வளவு அழகானாலும், வைக்க முடியாது அக்கா.

‘மறைவிளம்பரம்’, ‘இருள் விளம்பரம்’ இரண்டும் பாதி சரி. மெட்டா தன் விளம்பர நூலகத்தில் அரசியல் விளம்பரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்கிறது. யார் பணம் கட்டியது, ஏறத்தாழ எவ்வளவு, எந்த வயதினர் பார்த்தார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம். அப்படியிருக்க ‘மறை’ என்று பெயர் வைத்தால் முதல் கூட்டத்திலேயே ஒரு கெட்டிக்காரப் பெடியன் எழும்பி நூலகத்தைத் திறந்து காட்டுவான். அரசியல் என்று அறிவிக்காமல் போட்டது அந்த வரிசையில் வராமல் போகலாம், டேட்டா மிச்சம் பிடிக்கிற வீட்டில் யாரும் நூலகம் தேடிப் போகமாட்டார்கள், அது வேறு கதை. அதைப் பெயருக்குள் அடக்க முடியாது.

‘ஆள்தேர் விளம்பரம்’ நான் சொல்ல வந்ததற்குக் கிட்ட வந்தது. ஆனால் தேர்தலைப் பற்றிய கைநூலில் ‘தேர்’ வந்தால் வேட்பாளரைத் தேர்வது என்று வாசிப்பார்கள். காதுக்குப் போர்க்காலத்து ஆட்சேர்ப்பின் பக்கத்திலும் போய் நிற்கிறது. அந்தச் சொல்லின் சாயலுள்ள எதையும் வன்னியில் நான் அச்சடிக்கமாட்டேன்.

சரி, என் பரிந்துரை: ஆள்பார் விளம்பரம்.

‘ஆளைப் பார்த்துக் கதைக்கிறான்’ என்று சொல்லாத ஊர் கிடையாது. ஆளுக்கு ஆள் பேச்சை மாற்றுகிறவன் என்பதுதான் அதன் பொருள். அதையே வினைத்தொகையாகச் சுருக்கினேன், ஊறுகாய் மாதிரி. ஆளைப் பார்த்த, பார்க்கிற, பார்க்கப்போகிற விளம்பரம். இன்னொரு வசதி, வினையாக விரிக்கலாம்: ‘இதை மாந்தைக்காரருக்கு மட்டும் ஆள்பார்த்துக் காட்டியிருக்கிறார்கள்.’ நுண்ணிலக்கை இப்படி விரித்துப் பாருங்கள், ‘நுண்ணிலக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்’ என்று வரும். கூட்டத்தில் ஒருவர் வாயிலும் அது நுழையாது.

> ‘ஆள்பார்’ பழிச்சொல் போல் உள்ளது. கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

வவுனியா சேரின் இந்தக் கேள்விதான் எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது. டெங்கு அறிவித்தலைச் சுகாதாரப் பகுதி வவுனியா நகரத்தாருக்கு மட்டும் காட்டினால் அதுவும் ஆள்பார்தான், அதில் குற்றமில்லை. ஆள்பார்த்தல் நல்லதா கெட்டதா என்பது என்ன காட்டினார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. ஆனாலும் சொல்லில் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமே. கூகுள் 2019இல் தேர்தல் விளம்பரங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்ய வயது, பால், அஞ்சல் குறியீட்டளவிலான இடம் தவிர வேறு கூடாது என்று குறைத்தது. டிக்டொக் அரசியல் விளம்பரத்தையே எடுப்பதில்லை. புதிய விதிகள் 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் கூகுளும் மெட்டாவும் அரசியல் விளம்பரத்தை அடியோடு நிறுத்திவிட்டன. விற்கிறவர்களே பின்வாங்குகிற பொருளுக்கு நாங்கள் ஏன் இனிப்புத் தடவ வேண்டும்?

‘பரப்புரையா விளம்பரமா’ என்ற கிளைச் சண்டையில் நான் விளம்பரம் பக்கம். பரப்புரை நல்ல தமிழ்தான், ஆனால் ஊரில் பிரச்சாரம் என்றுதான் சொல்கிறார்கள். இதைவிட முக்கியம், விளம்பரம் என்றால் காசு கட்டியது என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. காசுதான் சட்டம் பிடிக்கக்கூடிய நுனி. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று எல்லை வைத்தார்கள். சுவரொட்டிக்கும் மேடைக்கும் பில் இருக்கும். பூஸ்டுக்குக் கட்டினது கனடா ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சானின் வங்கிக் காட் என்றால் அது யாருடைய கணக்கில் வரும்? கைநூலில் இந்தக் கேள்வியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். வாக்களிப்புக்கு முந்திய 48 மணிநேர அமைதிக் காலமும் அப்படித்தான். சுவரொட்டியைப் பொலிஸ் வந்து கிழிக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிற பூஸ்ட் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சொல் வன்னிக்குப் புதிதல்ல. வெதுப்பகம் (பேக்கரி), வைப்பகம் (வங்கி), உந்துருளி (மோட்டார் சைக்கிள்), குளிர்களி (ஐஸ்கிரீம்) எல்லாம் ஒரு காலத்தில் இங்கே பலகை ஏறின சொற்கள். வெதுப்பகம் இன்னும் சில பலகைகளில் நிற்கிறது, உந்துருளி செய்தியில் ஓடுகிறது, குளிர்களியைக் காணோம். வாயில் எதுவுமே நிற்கவில்லை, பேக்கரி என்றும் மோட்டார் சைக்கிள் என்றும்தான் சனம் சொல்கிறது. பொருளுக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது, அதனால்தான். மைக்ரோடார்கெட்டிங்கை ஊரில் யாரும் ஆங்கிலத்திலும் சொல்வதில்லை. வாய் வெறுமையாக இருக்கிறது, ஆகவே இப்போதே கொடுத்தால் ஒட்டலாம்.

கைநூலுக்கு நான் எழுதிய விளக்கம்: ‘ஆள்பார் விளம்பரம்: உங்கள் ஊர், வயது, மொழி, ஆர்வம் போன்றவற்றைப் பார்த்து உங்களைப் போன்றோருக்கு மட்டும் காட்டப்படும் கட்டண விளம்பரம். அதே வேட்பாளர் வேறு ஊராருக்கு வேறு விளம்பரம் காட்டியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் வேறு ஊரிலுள்ள உறவினரின் தொலைபேசியில் என்ன வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.’ கடைசி வரி அகராதிக்குப் பொருந்தாது என்று ஆசிரியர் குழு வெட்டக்கூடும். வெட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், சங்கத்துப் பெண்கள் கையில் எடுக்கப்போவது அந்த வரியைத்தான்.

மிச்சம் ஒன்று கிடக்கிறது. ஏற்றிய தொலைபேசிப் பட்டியலில் உள்ளவர்களைப் போலவே இருக்கிற வேறு ஆட்களைத் தேடிக் காட்டுகிற வசதிக்கு மூலத்தில் தனிப் பதிவு இருக்கிறது. ‘ஒத்தோர் திரள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘திரள்’ என்றால் கூடி நிற்பது மாதிரி இருக்கிறது, இவர்களோ ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ‘சாயலாட்கள்’ என்று யோசித்தேன், எனக்கே திருப்தியில்லை. அச்சுக்குப் போகுமுன் யாராவது நல்லதாக ஒன்று தாருங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து