முகத்துவாரம் வெட்டிய அன்று நீங்கள் பார்த்தது: அனுபவப் பகிர்வு

ஏரிக்கரை, பழவேற்காடு

ஆரணியாத்துல தண்ணி வந்துடுச்சுன்னா எங்க ஊர்ல முதல் கேள்வியே முகத்துவாரம், அதாவது ஏரி கடல்ல சேர்ற வாய், தொறந்திருக்கா இல்ல மணல் அடைச்சிருக்கான்னுதான். அடைச்சிருந்தா ஏரி ஏற ஆரம்பிச்சிடும், தாழ்வான தெருவுல வீட்டுக்குள்ள தண்ணி. அதனால வெட்டறது தப்புன்னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு உறுத்தறது வேற.

அந்த வருஷம் ஜேசிபி ராத்திரி பூரா மணல வாரிச்சு. விடியறப்போ கடைசித் திட்ட உடைச்சாங்க. ஒரு ஆள் தாண்டற அகலம்தான் இருந்துச்சு. தண்ணி போன வேகத்துல ரெண்டு கரையும் கட்டி கட்டியா இடிஞ்சு, மதியத்துக்குள்ள படகு போற அகலமாயிடுச்சு. ஊரே சத்தம் போட்டு சந்தோஷப்பட்டுச்சு, நானும்தான். மறுநாள் ஏரி ஓரமா போனேன். முழங்கால் தண்ணி நின்ன இடம் வெறும் சேறு. அந்தச் சேத்துல நகம் அளவு எறா குஞ்சு, மடவைக் குஞ்சு எல்லாம் துடிச்சுக்கிட்டிருந்துச்சு. இருளர் ஆயா ஒருத்தங்க, தண்ணிக்குள்ள உக்காந்து கையால தடவி எறா புடிக்கிறவங்க, புடிச்ச எறாவ போடறதுக்கு வாயில கடிச்சிருந்த பறிக் கூடைய எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க. "எல்லாத்தையும் ஒரே வாட்டில ஊத்திட்டீங்களே சாமி"ன்னாங்க. எனக்கு பதில் வரல.

கூழைக்கடாவும் பூநாரையும் வந்து எறங்கற மாசமும் அதுதான். வெட்டணுமா வேண்டாமான்னு ஊர்ல சண்டை போடறோம். எவ்ளோ வேகமா, எந்த நேரத்துலன்னு ஒருத்தரும் பேசறதில்ல. மத்த ஊர்ல எப்படி வெட்டறாங்க, என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க.

படுவான்கரை

தம்பி, எங்கட மட்டக்களப்பில இதை ஆற்றுவாய் வெட்டுறது எண்டு சொல்லுவம். பெரும்போக நெல் கதிர் வெளிய வர முதல் குடலைப் பருவத்தில நிக்கக்குள்ள, உன்னிச்சைக் குளத்தில மிஞ்சின தண்ணிய விடுற வான்கதவு திறந்தால், வவுணதீவுப் பக்கம் வயல் எது வாவி எது எண்டு தெரியாது. விவசாயிகள் வெட்டச் சொல்லுவாங்க. மீனவர்கள் இறால் இன்னும் பருக்கேல்ல, பொறுங்க எண்டு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் ஒரே கூட்டத்தில இருந்து கத்துவாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

நான் சொல்ல வந்தது வேற. வெட்டுறதுக்கு முதல் நாள் ராத்திரி வரம்பு உடைச்சிட்டோ எண்டு பாக்கப் போனன். ரோச் வெளிச்சத்தில ரெண்டு கண். கொடுப்புலி, மீன்பிடிப் பூனை எண்டு புத்தகத்தில போடுறதுதான். வாயில ஒரு குட்டி. தண்ணிக்கு மேல இருந்தது அந்த வரம்பு மட்டும்தான், ஒரு முனையில அது, மற்ற முனையில நான். அதுக்குப் பின்னால இருந்த கண்டல் காடு அடிமரம் தெரியாமல் மூழ்கிப் போச்சு. அது நீந்தக்கூடிய சாமான், தண்ணிக்குப் பயப்படாது. குட்டிக்கு ஏலாது. என்னைப் பாத்து உறுமவும் இல்ல, ஓடவும் இல்ல. நான்தான் ரோச்சை அணைச்சுப்போட்டு வந்த வழியே திரும்பினன்.

இலங்கையில அது அருகிவரும் இனம், சட்டத்தில பாதுகாப்பு இருக்கு. ஆனா வெள்ளம் ஏறக்குள்ள அதுக்கு எந்தச் சட்டமும் மேடு குடுக்கேல்ல. வெட்டாமல் விட்டால் எல்லா உயிரும் தப்பும் எண்டு நினைக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஆமைநடை, சென்னை

ஏரிக்கரை அண்ணா, "தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. வெட்டற விதம் தப்புன்னு நான் சொல்றேன்.

அடையாறு முகத்துவாரம். ஜனவரி, மழைக்காலம் முடிஞ்ச கையோட. மணல் திரும்பவும் அடைச்சுடுச்சுன்னு தூர்வாரிட்டு இருந்தாங்க. வாரின மணலை எங்க கொட்டறது? பக்கத்துக் கடற்கரையிலயே, ஆள் உயரத்துக்கு, கடலைப் பார்த்த பக்கம் செங்குத்தா. பங்குனி ஆமைகள் முட்டை போட ஏறி வர ஆரம்பிக்கிற சமயம். நடுராத்திரிக்கு மேல ஒண்ணு ஏறி வந்துச்சு. நேரா வந்து அந்த மணல் சுவர்ல முட்டுச்சு. கொஞ்சம் பின்னால போய் மறுபடியும் முட்டுச்சு. அப்புறம் சுவரை ஒட்டியே துடுப்பை இழுத்து இழுத்து, ஏற வழி தேடி ரொம்ப தூரம் போச்சு. எங்கேயும் வழி இல்ல. திரும்பி கடலுக்கே போயிடுச்சு, வயிறு நிறைய முட்டையோட.

பொக்லைன் டிரைவர் எறங்கி வந்து, "என்னம்மா அது, லைட்ட அணைக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. அணைச்சாரு. இங்க ஆமை வரும்னு அவருக்கு யாருமே சொல்லலையாம். 1988லேர்ந்து மாணவர்கள் இந்தக் கடற்கரையில ராத்திரி ராத்திரியா நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துட்டு இருக்காங்க. வேலை செய்யற ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட அத்தனை வருஷம் போதலையா?

2015 டிசம்பர்ல எங்க அத்தை வீடு சைதாப்பேட்டையில முதல் மாடிவரைக்கும் முங்கினது. முகத்துவாரம் அடைச்சிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மணலைச் சரிவா கொட்ட எவ்வளவு செலவாகும்னுதான் கேக்கறேன்.

பசிபிக்கரை

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பெஸ்கடேரோ என்று ஒரு சின்ன ஊர். கோடையில் அலை மணலைக் குவித்து ஆற்று வாயை மூடிவிடும், உள்ளே காயல் நிரம்பும். நான் பார்த்த அன்று யாரும் வெட்டவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் தானாகவே உடைத்துக்கொண்டது. அடுத்த நாள் காலை சதுப்பு ஓரத்தில் ஸ்டீல்ஹெட் மீன்கள், கருவாடு காயப்போட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. முழங்கை நீளம் இருக்கும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், காயமே இல்லை. சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம்.

காரணத்தை அங்கே வந்திருந்த ஒரு மீன் ஆய்வாளர் விளக்கினார். வாய் மூடியிருக்கும்போது உப்புத் தண்ணீர் கனமாக அடியில் தங்கிவிடும், நல்ல தண்ணீர் மேலே நிற்கும். அடியில் மக்குகிற குப்பை அங்குள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். உடைப்பு எடுத்ததும் எல்லாம் ஒன்றாகக் கலங்கி, மீனுக்கு மூச்சுவிட வழியில்லாமல் போகும். பல ஆண்டுகள் அங்கே இதே கதையாக இருந்தது. கூடவே வெள்ளப் பிரச்சினையும் இருந்தது. பியூட்டானோ ஓடை மண் மேவிப்போய், ஒவ்வொரு மழைக்கும் ஊருக்குள் போகும் சாலை மூழ்கி வந்தது. 2019இல் அந்த ஓடையைத் தூர்வாரினார்கள். அதில் வெள்ளத் தணிப்பும் மீனுக்கான வழியும் ஒரே திட்டத்துக்குள் வந்தன. அதுதான் எனக்குப் பிடித்தது.

அதே கடற்கரையில் டைட்வாட்டர் கோபி என்று ஒரு மீன், சுண்டுவிரல் நீளம். 1994 முதல் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. மணலில் வளை தோண்டி முட்டைக்கு ஆண் மீன் காவல் இருக்கும். காயல் ஒரே நாளில் வடிந்தால் வளை வெளியே தெரிந்து காய்ந்துவிடும். சாண்டா குரூஸில் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து திருட்டுத்தனமாக வாயை உடைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது மணலுக்கு அடியில் குழாய் பதித்து, குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறும் தண்ணீர் மட்டும் மெல்ல வழியும்படி செய்திருக்கிறார்கள். பழவேற்காட்டிலும் ஏன் இப்படிச் செய்யக்கூடாது?

படுவான்கரை

பசிபிக்கரைத் தம்பி, குழாய் சின்னக் காயலுக்குச் சரி. எங்கட வாவி 56 கிலோமீட்டர் நீளம். மேல எத்தனையோ குளம் ஒண்டாய் வான் பாயக்குள்ள எந்தக் குழாய் தாங்கும்? உங்கட ஊரில கோடையில மட்டம் பிடிக்கிறதுக்கு அது. எங்களுக்குப் பிரச்சினை மார்கழி மழை. ரெண்டையும் ஒண்டாக்காதீங்க.

மணற்கோடு (ஓய்வுபெற்ற பொறியாளர்)

என் அனுபவம் சிறியது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முகத்துவாரத்தில் நாங்கள் இயந்திரத்தோடு தயாராக நின்றோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஈர மணலில் ஒரு பனை மட்டையைக் குத்திவிட்டு, "இதோட அடி தெரியறவரைக்கும் இருங்க தம்பி, வத்தம் தொடங்கட்டும்" என்றார். கடல் நீர் இறங்குவது வத்தம், ஏறுவது ஏத்தம். ஏத்தத்தில் தொட்டிருந்தால் கடல்தான் உள்ளே வந்திருக்கும், வெட்டிய பள்ளம் அலை மணலால் திரும்ப மூடியிருக்கும். அந்த மட்டையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே எழுதியவர்கள் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஒரு மீட்டர் சொச்சம்தான். கடல் தானே உள்ளே வந்து வெளியே போய் வாயைத் திறந்து வைக்கும் வலு குறைவு. ஆற்று நீர் குறைந்ததும் அலை மணல் வென்றுவிடும். ஆகவே வெட்டுவது ஆண்டுதோறும் வரும் வேலை. திடீரென்று வந்த ஆபத்துபோல அதைக் கையாளக் கூடாது.

எப்படி வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏரி நிரம்பி வழியும் தறுவாயில் உடைத்தால் உள்ளே இருக்கும் நீரின் பளுவே கரையை அரித்துக்கொண்டு போகும், அதன் பிறகு வேகம் நம் கையில் இல்லை. ஏரிக்கரை சொன்ன காட்சி அதனால் வந்தது. மழைக்கு முன்னால், ஏரி மட்டம் தாழ்ந்திருக்கும்போது, குறுகலாக ஒரு வாய்க்கால் எடுத்து, அடியில் ஒரு திட்டை விட்டுவைத்துத் திறந்தால் மட்டம் படிப்படியாக இறங்கும். குஞ்சுகளுக்கு ஆழம் தேடிப் போக அவகாசம் கிடைக்கும். பெஸ்கடேரோவில் நடந்ததுபோல அடி நீர் ஒரேயடியாகக் கலங்குவதும் குறையும்.

வாரிய மணல் பற்றி ஆமைநடை அம்மா கேட்டது முழுக்க நியாயம். அதைச் சரிவாகப் பரப்ப ஒரு புல்டோசருக்குச் சில மணி நேர வேலைதான். அதிலும் வடக்குப் பக்கம் பரப்ப வேண்டும். நம் கரையில் ஓராண்டுக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றதும் அதனால்தான். முகத்துவாரத்தின் இரு பக்கமும் நிரந்தரமாகக் கல் சுவர் போடச் சொல்பவர்கள் இதை நினைக்க வேண்டும். வாய் திறந்தே இருக்கும், உண்மை. ஆனால் வடக்கே ஆமை ஏறும் மணல் குறையும், அங்குள்ள குப்பத்துக்குக் கடல் நெருங்கும். சுவர் கட்டினால் தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடக்கே போடும் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். சுவரோடு நிறுத்திக்கொள்வது வெள்ளத்தை ஒரு ஊரிலிருந்து எடுத்து அரிப்பாக அடுத்த ஊருக்குக் கொடுப்பது.

சிலிகா வழியாக

வெட்டுவதையே குற்றம்போலப் பேசுகிறீர்கள். நான் ஒடிசாவில் வேலை பார்த்தேன். சிலிகா ஏரியின் பழைய வாய் வடக்கே தள்ளிப் போய், மண் மேவி, உள்ளே உப்பு குறைந்து களை மண்டிக் கிடந்தது. கரையோரக் கிராமங்களில் வெள்ளம் வடியவும் நாளாகும். 2000 செப்டம்பரில் புது வாய் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, மீன் திரும்பியது. ஆபத்திலிருக்கும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டிலிருந்து 2002இல் சிலிகாவை நீக்கினார்கள். சத்தபாடாவில் படகில் போகும்போது இஞ்சின் நிறுத்தியதும் பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. மூக்கு நீளாத, உருண்டைத் தலை ஓங்கில். இராவதி டால்பின். படகுக்காரர் கைகூப்பினார். சரியான இடத்தில், அளந்து பார்த்து வெட்டியதால்தான் அந்த ஏரி பிழைத்தது.

ஆமைநடை, சென்னை

சிலிகா நண்பரே, யாரும் குற்றம்னு சொல்லல. நீங்க சொன்ன கடைசி வரிதான் நாங்க எல்லாருமே சொல்றது. "அளந்து பார்த்து." இங்க அளக்கறதே இல்ல.

ஏரிக்கரை, பழவேற்காடு

மணற்கோடு சார், வத்தம் பார்த்து, மழைக்கு முன்னாடி, குறுகலா வெட்டணும்னு எழுதியிருக்கீங்க. எங்க பெரியவங்களுக்கும் இது தெரியும் சார். நெலா பார்த்து நேரம் சொல்லுவாங்க. பாடு முறையில யாரு எந்த நாள், எந்த எடத்துல வலை போடறதுன்னு தலைமுறையா பிரிச்சு வெச்சவங்களுக்கு தண்ணி எப்போ ஏறும் எறங்கும்னு தெரியாதா.

ஆனா எங்க ஏரி 1980லேர்ந்து பறவைகள் சரணாலயம். ஒரு மண்வெட்டி மணல் எடுக்கக்கூட அனுமதி வேணும். அது வேணும்தான், இல்லன்னா இந்த ஏரிய என்னிக்கோ மூடிக் கம்பெனி கட்டியிருப்பாங்க. நாங்க ஆவணி மாசம் மனு குடுத்தா தாள் ஒவ்வொரு மேசையா போய்க்கிட்டே இருக்கும். ஐப்பசில ஆத்துக்கரை உடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்புறம் ஒரே ராத்திரில எல்லாருக்கும் அவசரம் வந்துடும். அப்போ வத்தமா ஏத்தமான்னு யாரு பார்ப்பாங்க? கெடைச்ச ஜேசிபி, கெடைச்ச நேரம். அந்த ஆயா பார்த்தது அதத்தான். பறவைய காப்பாத்தணும்னு வெச்ச அனுமதி, லேட்டா வர்றதால பறவை திங்கற மீனையே வாரிக்கிட்டுப் போகுது.

வருஷா வருஷம் செய்யற வேலைன்னு நீங்களே சொல்றீங்களே சார். அப்போ அனுமதியும் வருஷத்துக்கு ஒரு வாட்டி, புரட்டாசிக்கு முன்னாடி, எந்த எடம், எவ்ளோ அகலம், மணல எங்க போடறது எல்லாம் எழுதி வந்துடணும். வெட்டற அன்னிக்கு காட்டிலாகா ஆளு ஒருத்தர், ஊர் ஆளு ஒருத்தர், இருளர் குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் கரையில நிக்கணும். இத ஒரு மனுவா எழுத உங்களால முடியுமா? எனக்கு அந்த பாஷை வராது. கையெழுத்து வாங்கற வேலைய நான் பார்த்துக்கறேன்.

மணற்கோடு (ஓய்வுபெற்ற பொறியாளர்)

எழுதித் தருகிறேன் ஐயா. கடைசியாக வாய் மூடியபோது அதன் அகலமும் ஏரிப் பக்க ஆழமும் எவ்வளவு என்று பெரியவர்களிடம் கேட்டு அனுப்புங்கள். இருளர் பெண்கள் எந்தெந்த இடத்தில் எந்த மாதம் எறா தடவுகிறார்கள் என்பதும் வேண்டும். குஞ்சு எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.