தண்டர்பேர்டில் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைப்பது எப்படி? பல பேர் உட்காரும் ஆபீஸ் கணினி

ஜெயநகர்_கணக்கு:
வணக்கம். பெங்களூரு ஜெயநகரில் சின்ன ஆடிட்டர் ஆபீஸ். முன் மேசையில் இருக்கும் விண்டோஸ் 11 கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் போட்டிருக்கிறோம். ஒரு ஜிமெயில், சொந்த டொமைன் மெயில் ஒன்று. ஆர்ட்டிக்கிள் (சிஏ பயிற்சி) மாணவர்களும் அதே கணினியில்தான் வேலை பார்க்கிறார்கள். ஜிஎஸ்டி ஓடிபி உட்பட எல்லாம் இந்த மெயில்களுக்குத்தான் வருகிறது.

'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' திறந்து 'ஷோ' அழுத்தினால் எல்லா பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரிகிறது. இதைப் பூட்ட முடியுமா? அடுத்தது, ஜிமெயிலுக்குச் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தண்டர்பேர்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறது. டொமைன் மெயிலில் 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருந்ததை 'என்க்ரிப்டட் பாஸ்வேர்ட்' என்று மாற்றினால் லாகினே ஆவதில்லை. பழையபடி விட்டால் ஆபத்தா?

அல்சூர்_கதிர்:
முதலில் ஜிமெயில். வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருள் உள்ளே வருவதை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அதனால் சரியான பாஸ்வேர்டும் செல்லாது. அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அத்தென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'ஓஆத்2' (பாஸ்வேர்டைத் தண்டர்பேர்டிடம் கொடுக்காமல் கூகுள் பக்கத்திலேயே லாகின் செய்து அனுமதி கொடுக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மெயில் வரும், அனுப்ப முடியாது. இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' தனியாக இருக்கிறது. அங்கேயும் ஓஆத்2 வைக்க வேண்டும்.

மாற்றியதும் சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ் பட்டியலில் ஜிமெயில் பெயரில் இருக்கும் பழைய இமேப் (மெயில் வாங்குவது), எஸ்எம்டிபி (மெயில் அனுப்புவது) வரிகளை அழித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறங்கள். கூகுள் லாகின் ஜன்னல் வரும். ஜன்னல் வந்து வெறுமையாக நின்றால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் குக்கீ அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப் பாஸ்வேர்ட் என்று இன்னொரு வழியும் உண்டு. இரண்டு படிச் சரிபார்ப்பு போட்ட கணக்குக்கு கூகுள் 16 எழுத்துக் குறி ஒன்று தரும், ஒரே ஒரு முறைதான் காட்டும். ஓஆத்2 தெரியாத பழைய மென்பொருளுக்கு அது சரி. தண்டர்பேர்டுக்குத் தேவையில்லை. ஓஆத்2 என்று வைத்துவிட்டு அந்த 16 எழுத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள், ஏற்காது.

இனி பூட்டு. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பாஸ்வேர்ட்ஸ். அங்கே 'யூஸ் எ பிரைமரி பாஸ்வேர்ட்' கட்டத்தை டிக் செய்யுங்கள். சேமித்த எல்லா பாஸ்வேர்டுக்கும் இதுதான் ஒரே பூட்டு. இது இல்லாதவரை, பாஸ்வேர்டுகள் குறியாக்கப்பட்ட ஃபைலும் அதைத் திறக்கும் சாவி ஃபைலும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. திருடுபவர் அந்த ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி செய்தாலே போதும், எல்லா பாஸ்வேர்டும் கிடைத்துவிடும். ஓஆத்2 போட்டாலும் இது அவசியம். கூகுள் தரும் டோக்கனும் (பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சீட்டு) அதே பட்டியலில்தான் சேமிக்கப்படுகிறது.

மல்லேஸ்வரம்_கலா:
டொமைன் மெயில் பற்றி. 'நார்மல் பாஸ்வேர்ட்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் சார். அதற்கு மேலே இருக்கும் 'கனெக்‌ஷன் செக்யூரிட்டி'யைத்தான் பார்க்க வேண்டும். அங்கே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) இருந்தால், பாஸ்வேர்ட் போகும் பாதை முழுக்கவே குறியாக்கப்பட்டது. 'நன்' (எதுவும் இல்லை) என்று இருந்தால்தான் நடுவில் இருப்பவர் படிக்க முடியும்.

'என்க்ரிப்டட் பாஸ்வேர்ட்' என்பது கிராம்-எம்டி5 என்ற பழைய முறை. டிஎல்எஸ் பரவலாகாத காலத்துக்கு அது உதவியது. அதில் ஒரு கெடுதல்: சரிபார்க்க சர்வர் உங்கள் பாஸ்வேர்டையோ அதற்குச் சமமான ஒன்றையோ வைத்திருந்தாக வேண்டும், வலுவான ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட, திருப்பி எடுக்க முடியாத குறி) மட்டும் வைத்தால் வேலை செய்யாது. அதனால் பல ஹோஸ்டிங்காரர்கள் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு லாகின் ஆகாததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். நார்மலுக்கே திரும்புங்கள்.

இமேப் போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்ப 465, அதுவும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். ஹோஸ்டிங்கில் 465 இல்லையென்றால் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிக் குறியாக்கத்துக்கு மாறும் முறை). போர்டையும் முறையையும் மாற்றிப் பொருத்தினால் எந்தப் பிழையும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம்அவுட் ஆகும்.

சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் 'கன்ஃபர்ம் எக்ஸெப்ஷன்' அழுத்திவிடாதீர்கள். பல டொமைன்கள் ஒரே சர்வரில் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் சர்டிஃபிகேட் பெரும்பாலும் சர்வரின் சொந்தப் பெயரில் இருக்கும், உங்கள் டொமைன் பெயரில் இருக்காது. ஹோஸ்டிங் பேனலில் காட்டும் சர்வர் பெயரை அப்படியே போட்டால் எச்சரிக்கை போய்விடும்.

ஜெயநகர்_கணக்கு:
மிக்க நன்றி, ஜிமெயில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. பிரைமரி பாஸ்வேர்டைத் தமிழிலேயே வைக்கலாமா? மறந்துபோனால் என்ன ஆகும்?

அல்சூர்_கதிர்:
தமிழ்ச் சொற்கள் வையுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். காரணம் இருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவோ, இரண்டு தனிக் குறிகளாகவோ. திரையில் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு வேறு. கீபோர்டு மென்பொருளை மாற்றிய நாளில் பூட்டு திறக்காமல் போகலாம்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்கள் போதும். நீளம் முக்கியம்: ஃபோல்டரைத் திருடியவர் தன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம், தடுக்க நடுவில் சர்வர் கிடையாது.

மறந்தால் மீட்க வழியில்லை. ரீசெட் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அழியும். மெயில்கள் அப்படியே இருக்கும். கணக்குகளில் திரும்ப லாகின் செய்தால் போதும். ஆனால் தண்டர்பேர்டில் ஓபன்பிஜிபி (மெயிலையே குறியாக்கும் முறை) ரகசியச் சாவி வைத்திருந்தால், அதுவும் திறக்க முடியாமல் போய்விடும். அப்படி இருந்தால் சாவியை இன்றைக்கே பேக்கப் எடுத்து வெளியே வையுங்கள்.

பீன்யா_சர்வர்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிரைமரி பாஸ்வேர்ட் மெயிலைப் பூட்டாது. கேட்கும்போது 'கேன்சல்' அழுத்தினாலும் ஏற்கெனவே இறங்கிய மெயில்களைப் படிக்கலாம். அவை டிஸ்கில் சாதாரண ஃபைல்களாகத்தான் இருக்கின்றன, நோட்பேடிலேயே திறக்கும். ஒரு தடவை பூட்டைத் திறந்தால், தண்டர்பேர்டை மூடும்வரை திறந்தேதான் இருக்கும்.

எனவே ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு போடுங்கள். மாணவர்களுடையது அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. டிஸ்க் குறியாக்கமும் தேவை. விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர், ஹோம் என்றால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். ரெக்கவரி கீயை (டிஸ்க் பூட்டிக்கொண்டால் திறக்கும் குறி) அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள், அச்செடுத்து அலமாரியில் பூட்டுங்கள். மேசையை விட்டு எழுந்தால் விண்டோஸ் பட்டனும் 'எல்'லும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

பாஸ்வேர்ட் தெரிந்த யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே கூகுள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஜிமெயிலுக்குக் கொடுத்த டோக்கன்களும் ஆப் பாஸ்வேர்டுகளும் அதோடு செல்லாமல் போகும். டொமைன் மெயில் பாஸ்வேர்டை ஹோஸ்டிங் பேனலில் தனியாக மாற்ற வேண்டும், அது தானாக நடக்காது.