பிரஷ் கட்டர் 4 ஸ்ட்ரோக் இன்ஜின ரிமோட் மாடல் பிளேன்ல போடலாமா?

காட்பாடி_காத்தாடி:
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் எங்க மாமா மாந்தோப்புல புல்லு வெட்ட வாங்கின பிரஷ் கட்டர் ஒன்னு ஷெட்ல சும்மா கிடக்குது, கீழ கியர் ஹெட்டு போயி ராடும் வளைஞ்சிடுச்சி, ஆனா இன்ஜின் ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. 4 ஸ்ட்ரோக், 139எஃப்னு அடிச்சிருக்கு. இத்தினி நாளா எலக்ட்ரிக் மாடல் பிளேன் தான் ஓட்டிகினு இருந்தேன், இப்ப இத ஒரு பிளேன்ல ஏத்தலாம்னு ஆச. யார கேட்டாலும் அது கல்லு மாதிரி கனம்டா, பேசாம 2 ஸ்ட்ரோக் வாங்குன்றாங்க. நெஜமா? எதெல்லாம் கழட்டணும், ப்ராப்ப (ப்ரொப்பல்லர்) எதுல மாட்றது? இன்ஜின ஆற வைக்கற ஃபேன எடுத்துட்டா நம்ம வேலூர் வெயிலுக்கு இன்ஜின் தாங்குமா?

லேத்பட்டறை:
தம்பி, 139ன்னா 1 சிலிண்டர், 39 எம்எம் போர் (சிலிண்டரோட உள் விட்டம்). ஹோண்டா ஜிஎக்ஸ்35க்கும் அதே 39 போர் தான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போயி வர்ற தூரம்) 30 எம்எம், கணக்கு போட்டா 35.8 சிசி. உன்னுது அதப் பாத்து அடிச்ச காப்பி, பெரும்பாலும் 31 சிசி வரும். கனம்னு சொன்னவங்க பொய் சொல்லல. ஜிஎக்ஸ்35 அப்படியே தூக்கி வச்சா 3.3 கிலோ, பவர் 7000 ஆர்பிஎம்ல 1.3 எச்பி தான். 30 சிசி 2 ஸ்ட்ரோக் மாடல் இன்ஜின் ஒரு கிலோ எடையில 3 எச்பிக்கு மேல குடுக்குது. அதனால ஸ்டன்ட் அடிக்கணும்னா இத மறந்துடு. மெதுவா போற பெரிய பிளேன்னா மேல படி.

ரீகாயில் (கயிறு இழுக்கற ஸ்டார்டர்), டேங்க், பிளாஸ்டிக் கவர், கிளட்ச் எல்லாம் வெளிய. கிளட்ச் உக்காந்திருந்த பக்கம் தான் ப்ராப், அந்த பக்கத்துலருந்து பாத்தா இன்ஜின் இடஞ்சுழியா சுத்தும், சாதாரண ப்ராப்பே சரியா வந்துடும், எதிர் பக்கம் சுத்தற புஷர் ப்ராப் தேட வேணாம். அப்புறம் ஃப்ளைவீல். அதுல ஃபேன் பிளேட மட்டும் லேத்துல சீவிட்டு மேக்னட்ட விட்டுட்டா ஸ்பார்க் குடுக்கற பழைய காயிலே போதும், ஆனா கையால தட்டி ஸ்டார்ட் பண்ற ஸ்பீடுக்கு ஸ்பார்க் நோஞ்சானா வரும். நான் ஃப்ளைவீலயே கழட்டிட்டு ஷாஃப்டோட டேப்பர்ல (கூம்பா இருக்கற நுனி) ப்ராப் மாட்ற ஹப் கடைஞ்சி போட்டு, ஹால் சென்சார் (மேக்னட் தாண்டறத கண்டுபுடிக்கறது) வச்ச சிடிஐ, அதாவது எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பார்க் வருதேன்னு பயப்படாத, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல வர்றது வீணா போவும், அவ்ளோதான், கம்பெனி காயிலும் அப்படித்தான் அடிக்குது. எல்லாம் முடிச்சி தராசுல வச்சா 1.9 கிலோ. 16x8 ப்ராப்ப (16 இன்ச் விட்டம், 8 இன்ச் பிட்ச்) 6500 ஆர்பிஎம்ல சுத்துது.

ஹப்ல மட்டும் அவசரப்படாத. என் மொத ஹப்ப ஒரு பக்கம் கடைஞ்சி, சக்குல திருப்பி புடிச்சி மறுபக்கம் கடைஞ்சேன், சென்டர் போயிடுச்சி. ப்ராப் நுனி முன்ன பின்ன 4 எம்எம் ஆடுது, பரவால்லன்னு த்ராட்டில் குடுத்தேன், மவுன்ட் போல்ட் லூசாயி இன்ஜின் ஸ்டாண்டோட மேஜைய விட்டு நடந்து கீழ குதிச்சிது. அதுலருந்து ஆட்டத்த அளக்கற டயல் கேஜ் வைக்காம ப்ராப் மாட்றதே இல்ல. கைக்கு தடியான தோல் கிளவுஸ், தோல் ஊரு ராணிப்பேட்டை பக்கத்துல இருந்துகினு அதுக்கு கூடவா கஞ்சத்தனம்.

வாலாஜா_வாத்தி:
அண்ணன் சொன்ன கனத்த பாரமா பாக்காதீங்க. கால் ஸ்கேல் பைப்பர் கப் மாதிரி மூக்கு குட்டையா இருக்கற பிளேன்ல எப்படியும் சிஜிக்கு (எடை சமமா நிக்கற புள்ளி) முன்னாடி ஈயக்கட்டி அடைக்கணும். அந்த ஈயத்துக்கு பதிலா இன்ஜின் கனமா இருந்துட்டு போவுது. நெஜ கப்புக்கே 65 எச்பி 4 ஸ்ட்ரோக் தான், சத்தமும் அதே டுபுடுபு, அத கேக்கறதுக்காகவே நான் ரெண்டு வருஷம் மெனக்கெட்டேன்.

வெயிலுக்கு: ப்ராப் காத்து போதும், ஆனா கவுலிங் (இன்ஜின் மேல மூடற கவர்) போட்டா காத்து சிலிண்டர் ஃபின் நடுவுல பூந்து போற மாதிரி தகடு வச்சி மறைங்க, வெளிய போற வழி உள்ள வர்ற வழிய விட ரெண்டு மடங்காவது பெருசா இருக்கணும். இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பறந்து முடிச்சதும் டேங்க காலி பண்ணி கார்ப்பரேட்டர்ல மிச்சம் தீர்ற வரைக்கும் ஓட விடுங்க, இல்லன்னா அதுக்குள்ள இருக்கற டயாபிராம் (மெல்லிசு சவ்வு) வெறச்சிடும். ஆயில் டிப்ஸ்டிக் இருக்கான்னு மொதல்ல பாருங்க. ஸ்டில் 4-மிக்ஸ் மாதிரி சிலது 4 ஸ்ட்ரோக்கா இருந்தாலும் பெட்ரோல்ல ஆயில் கலக்கணும்.

எங்க பறக்க விடறதுன்றத டிஜிட்டல் ஸ்கை மேப்ல (அரசாங்கத்தோட ட்ரோன் மேப்) பாத்துடுங்க. அப்துல்லாபுரம் ஏர்போர்ட் பக்கமும், அரக்கோணம் ராஜாளி நேவி பேஸ் பக்கமும் ஆசையே படாதீங்க.

காட்பாடி_காத்தாடி:
டிப்ஸ்டிக் இருக்கு, ஆயில் கருகருன்னு கீது. கப் தான்னு முடிவு பண்ணிட்டேன். சிலிண்டர் கீழ தொங்கற மாதிரி தலகீழா மாட்டினா கவுலிங் அழகா வருமே, ஆயில் என்னாவும்?

லேத்பட்டறை:
ஓடும்போது ஒன்னும் ஆவாது, எந்த பக்கம் சாய்ச்சாலும் ஓடற மாதிரி செஞ்ச இன்ஜின் தான் அது. வீட்ல அப்படியே தொங்க விட்டா ஆயில் பிரீதர்ல (இன்ஜின் உள்காத்து வெளியேற்ற குழாய்) எறங்கி மொத ஸ்டார்ட்ல கொசு மருந்து அடிச்ச மாதிரி பொகை விடும். பக்கவாட்டுல மாட்டு. ஆயில மாத்திட்டு, ராக்கர் கவர தொறந்து இன்ஜின் ஆறி இருக்கும்போது வால்வ் கேப் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) பாரு, ஜிஎக்ஸ்35க்கு இன்டேக் 0.08 எம்எம், எக்ஸாஸ்ட் 0.11 எம்எம். காப்பி இன்ஜினுக்கும் நான் அதான் வைக்கறேன். அத அளக்கற ஃபீலர் கேஜ் இல்லன்னா ஞாயித்துக்கெழம பட்டறைக்கு எடுத்தா.

காட்பாடி_காத்தாடி:
வர்றேண்ணா. மாமாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது, புது பிரஷ் கட்டர் கேட்டாருன்னா தான் பிரச்சன.