உழுத வயலில் நாள் முழுக்க நிற்க எந்த பூட்ஸ்? ரப்பரா, தோலா?

காயில்பையன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் வயல்களில் மெட்டல் டிடெக்டர் ஓட்டி மண்ணில் புதைந்த உலோகப் பொருள்களைத் தேட அனுமதி கொடுத்திருக்கிறார். இப்போது கோதுமை அறுத்த தாள் நிற்கிறது, சீக்கிரம் உழுதுவிடுவார், மறுபடி விதைக்கும் வரைக்கும்தான் எனக்கு நேரம். காலையில் போனால் சாயங்காலம் வரை வயல்தான். இப்போதைக்கு ஓட்டப்பயிற்சிக்கு வைத்திருந்த ஷூவில் போகிறேன். மதியத்துக்குள் பனியில் நனைந்து சாக்ஸ் சொதசொத என்றாகிவிடுகிறது, குதிகாலில் கொப்புளம், ஸ்பேடை (காலால் மிதித்து மண்ணில் இறக்கும் மண்வாரி) மிதித்து மிதித்து வலது உள்ளங்காலில் ஒரே வலி. கையில் 120 பவுண்டு இருக்கிறது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் ரப்பர் பூட்ஸ் என்கிறார்கள், பாதிப் பேர் மலையேறுகிறவர்கள் போடும் தோல் பூட்ஸ் என்கிறார்கள். எதை வாங்க?

செம்புக்காசு

தோல்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம்.

நம் வேலையை நடை என்று நினைத்துத்தான் எல்லாரும் தப்பான பூட்ஸ் வாங்குகிறார்கள். நாலு அடி நடக்கிறோம், சத்தம் கேட்கிறது, ஸ்பேடை மிதிக்கிறோம், மண்டியிட்டு மண்ணைக் கிளறுகிறோம், குழியை மூடிவிட்டு எழுந்திருக்கிறோம், நாள் முழுக்க இதேதான். ஸ்பேடின் மேல் விளிம்பு விழுவது பாதத்தின் நடு வளைவில், உங்களுக்கு வலிக்கிறதே அதே இடத்தில். அதற்கு அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் பூட்ஸின் முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள், விரல் மடங்கும் இடத்தில் மடங்கினால் சரி, நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் கோதுமைத் தாள். அறுவடை எந்திரம் சாய்வாக வெட்டிவிட்டுப் போன தாள் ஒவ்வொன்றும் கூர் முனையோடு நிற்கும். மெல்லிய ரப்பரை ஒரு பருவத்தில் கீறிவிடும். அதோடு கென்ட், எசெக்ஸ் வயல்களில் உடைந்த சக்கிமுக்கிக் கல் கிடக்கும், அதன் ஓரம் கத்தி மாதிரி வெட்டும். தடித்த தோல் இரண்டையும் தாங்கும். லேஸை இறுக்கிக் கட்டினால் குதிகால் உள்ளே ஏறி இறங்காது, கொப்புளமும் வராது.

வாங்கும்போது நாக்குப்பட்டை இரண்டு பக்கமும் மேல் வரை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். தைக்காமல் விட்டால் தண்ணீர் லேஸ் வழியாகத்தான் நுழையும்.

களிமண்

அண்ணா, நீங்கள் சொல்வது ஆகஸ்டு, செப்டம்பருக்குச் சரி. தம்பி கேட்பது உழுத வயலையும் சேர்த்து. எசெக்ஸில் பெரும்பாலும் களிமண். மழை பெய்து உழுத களிமண்ணில் நாலடி வைத்தால் பூட்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கனக்கும், தையலிலும் லேஸ் கொக்கியிலும் மண் அடைந்துகொள்ளும். நவம்பரில் புல்தரையில் தேடினால் மழையே வேண்டாம், பனி ஒன்றே போதும், பத்து மணிக்குள் தோல் நனைந்துவிடும். முழங்காலுக்குக் கீழே வரை மூடிய ரப்பர் பூட்ஸ்தான் அங்கே காலைக் காக்கும். உள்ளே நியோப்ரீன் என்கிற நுரை ரப்பர் வைத்தது கிடைக்கிறது, குளிரும் வராது.

இன்னொரு விஷயம், யாரும் பேசவில்லை. வயல் நம்முடையது இல்லை. ஒரு பண்ணையின் மண்ணை அடுத்த பண்ணைக்குக் காலில் சுமந்து போகக் கூடாது. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடுகள், முட்டைக்கோஸ் இனத்தில் வேரை வீங்க வைக்கும் நோயின் வித்துகள், எல்லாம் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும், பல வருடம் உயிரோடு கிடக்கும். 2001இல் கோமாரி நோய் வந்தபோது இந்த நாட்டில் 60 லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்றார்கள், கிராமப்புற நடைபாதைகளை மூடினார்கள். அதைக் கண்ணால் பார்த்த பண்ணைக்காரர்கள் இன்றும் நம் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரப்பர் பூட்ஸ் என்றால் வாளித் தண்ணீர், பிரஷ், கிருமிநாசினி, இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. தோலை அப்படிக் கழுவ முடியுமா?

செம்புக்காசு

கழுவ முடியும், நான் ஒவ்வொரு முறையும் வண்டி ஏறுவதற்கு முன் கழுவுகிறேன். பிரஷ் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, மெழுகு தேய்த்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. சோம்பலைத் தோலின் மேல் போடாதீர்கள்.

ரப்பர் பூட்ஸ் போட்டு மண்டியிட்டுப் பாருங்கள். மேல் விளிம்பு முழங்கால் பின்பக்கத்தில் போய் அழுத்தும். ஒரு தடவைக்குப் பரவாயில்லை, நாள் முழுக்க என்றால் சாயங்காலம் அங்கே சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். களிமண் குதிகாலைப் பிடித்து இழுக்கும்போது கால் மேலே வரும், பூட்ஸ் கீழே நிற்கும், தம்பிக்கு இப்போதே குதிகாலில் கொப்புளம் என்கிறார். வியர்வையும் வெளியே போகாது.

இந்த வயல்களில் குட்டி லாடம் போல இரும்புத் துண்டுகள் தோண்டத் தோண்ட வருமே, அவை பழைய காலத்து உழவர்களின் பூட்ஸ் குதிகாலில் அடித்தவை. குதிரைக்குப் பின்னால் கலப்பை பிடித்துக்கொண்டு இதே களிமண்ணில் நாள் முழுக்க நடந்தவர்கள் தோல்தான் போட்டார்கள்.

களிமண்

ரப்பர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் தோல் போட்டார்கள். ரப்பரைப் பக்குவப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1844இல். ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கியது 1853இல், வாங்கியவர்கள் மரக்கட்டைக் காலணியோடு ஈர வயலில் நின்ற விவசாயிகள். கிடைத்ததும் மாறினார்கள். உங்கள் பண்ணைக்காரர் காலில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள் அண்ணா.

விளிம்பு அழுத்துகிறது என்றால் அரை உயரத்தில், கெண்டைக்கால் நடுவோடு நிற்கிற பூட்ஸ் இருக்கிறது. குதிகால் ஏறி இறங்கினால் அது அளவுக் கோளாறு. தடித்த கம்பளி சாக்ஸும் நல்ல இன்சோலும் (பூட்ஸுக்குள் பாதத்தின் அடியில் போடும் மெத்தை) போட்டு அளவு பார்த்தால் ஆடாது. பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கால் தோலை உரிக்கும்.

மருதாணி

இரண்டு பேரும் விலையுயர்ந்த பூட்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பியிடம் இருப்பது 120 பவுண்டு. நல்ல முழுத்தோல் பூட்ஸ் அதற்கு மேல் போகும், நியோப்ரீன் வைத்த நல்ல ரப்பரும் அதே கதைதான். என் யோசனை, கட்டுமான வேலைக்காரர்கள் போடும் பூட்ஸ் ஒன்று அறுபது எழுபதுக்குள், விவசாயப் பொருள் கடையில் சாதாரண பிவிசி ரப்பர் பூட்ஸ் ஒன்று இருபது சொச்சத்துக்கு. மிச்சத்தில் இன்சோலும் கம்பளி சாக்ஸும். காய்ந்த நாளுக்கு அது, சேற்று நாளுக்கு இது. ஒன்று நனைந்தால் மறுநாள் போட இன்னொன்று இருக்கும், ஈர பூட்ஸைத் திரும்பப் போடுவதுதான் காலைக் கெடுப்பது.

ஆனால் வேலைக்கார பூட்ஸ் வாங்கினால் இரும்பு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள் தம்பி. முனையில் இரும்புக் கவசம் இருந்தால், டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான காயில் காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் டிடெக்டர் சத்தம் போடும். கவசம் இல்லாத பூட்ஸ் கிடைத்தால் அதுவே நல்லது, இல்லையென்றால் உலோகம் இல்லாத காம்போசிட் கவசம். இரண்டு வகைக் கவசமும் 200 ஜூல் அடி தாங்க வேண்டும் என்பதுதான் விதி, இரும்பில்லாததால் பாதுகாப்பு குறைந்துவிடாது. அடிப்பாகத்திலும் ஆணி ஏறாமல் இருக்க ஒரு தகடு வைப்பார்கள். பாதுகாப்பு பூட்ஸுக்கான 2022 தரநிலைப்படி பூட்ஸில் வெறும் எஸ்3 என்று போட்டிருந்தால் அது உலோகத் தகடு, எஸ்3எல் அல்லது எஸ்3எஸ் என்றிருந்தால் உலோகம் இல்லாதது. இந்த எழுத்து அடிப்பாகத்துக்கு மட்டும், முனையில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

செம்புக்காசு

மருதாணி அக்கா, எஸ்3எல் விவரம் நல்லது, அது எனக்கும் பயன்படும். ஆனால் கவசம் வைத்த பூட்ஸில் மண்டியிடும்போது விரல் மடங்கும், கவசத்தின் பின்விளிம்பு மடங்காது, சரியாகப் பெருவிரல் கணுவுக்கு மேலே போய்க் கடிக்கும். தளத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அறுபது பவுண்டு பூட்ஸில் அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், மண்டியிடும் மடிப்பில்தான் முதலில் வாய் பிளக்கும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, அடிப்பாகம் மாற்றக்கூடிய தையல் பூட்ஸ் வாங்கினால் பல வருடம் வரும்.

மருதாணி

பணம் சேர்க்கும் வரை வயல் காத்திருக்காது அண்ணா, விதைத்துவிடுவார்கள். கவசம் கடிப்பது உண்மை, அதனால்தான் கவசம் இல்லாததை முதலில் தேடச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு ஆண்களுக்கான ரப்பர் பூட்ஸ் எதுவும் குதிகாலில் நிற்பதில்லை, பெண்களுக்கானதில் கெண்டைக்கால் இறுக்குகிறது. அளவு பார்த்தால் சரியாகிவிடும் என்று சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. பக்கவாட்டில் வாரோ மடிப்போ வைத்து அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற பூட்ஸ் இருக்கிறது, இங்கே படிக்கிற பெண்கள் அதைத் தேடுங்கள்.

காயில்பையன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கடைக்காரர் நீர்புகா சவ்வு வைத்த துணி பூட்ஸ் ஒன்றைக் காட்டினார், எடை குறைவு, விலை 110. அதை யாருமே சொல்லவில்லையே?

களிமண்

வேண்டாம். இதில் அண்ணாவும் நானும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

செம்புக்காசு

ஒத்துப்போகிறேன். அந்தச் சவ்வு புதிதில் நன்றாகத்தான் தடுக்கும். நாம் மண்டியிடும்போது பூட்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடங்குகிறது, விரலுக்குப் பின்னால் குறுக்காக. சவ்வு அங்கேதான் கிழியும், வெளியே தெரியாது. கிழிந்த பிறகு உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் காயாது. மேல்துணியைத் தாள் வேறு குத்தும். சும்மா நடக்கிறவர்களுக்கு அது நல்ல பூட்ஸ், நமக்கு இல்லை.

எதை வாங்கினாலும் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். இன்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். ஆன்லைனில் பழைய புது பூட்ஸ், அதாவது பெட்டியிலேயே பல வருடம் கிடந்ததை மலிவாக விற்பார்கள், அதில் பாலியூரித்தேன் அடிப்பாகம் இருந்தால் வாங்காதீர்கள். காற்றின் ஈரத்திலேயே அது உள்ளுக்குள் சிதைந்து, வயலுக்கு நடுவில் பொடிப்பொடியாகக் கழன்று விழும்.

காயில்பையன்

சரி, மருதாணி அக்கா சொன்ன வழியில் போகிறேன். கவசம் இல்லாத தோல் வேலை பூட்ஸ் ஒன்று, பிவிசி ஒன்று. செம்புக்காசு அண்ணா கோபிக்க வேண்டாம். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், அளவு எப்படிப் பார்ப்பது?

மருதாணி

சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நடந்து பார்த்தது போதாது, கடைத் தரையிலேயே மண்டியிட்டு இரண்டு நிமிடம் இருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. பூட்ஸின் நடுப்பகுதியை ஒரு படி விளிம்பில் வைத்து உங்கள் முழு எடையையும் அழுத்துங்கள். விளிம்பு காலில் உறுத்தினால் அடுத்ததை எடுங்கள்.

களிமண்

பிவிசி குளிரில் விறைக்கும், டிசம்பரில் பார்த்து நடங்கள். தாள் நிற்கும் வயலில் அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள், ஓரத்து நீளப் புல்லில் உண்ணி இருக்கும், பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பண்ணை மாறும்போது இரண்டு ஜோடியையும் கழுவுங்கள்.

செம்புக்காசு

கோபம் எல்லாம் இல்லை தம்பி. ஆனால் அந்த வேலை பூட்ஸின் ஒட்டு பிளந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், தையல் பூட்ஸ் எங்கே வாங்குவது என்று அப்போது சொல்கிறேன்.