கலிபோர்னியா கிங்ஸ்நேக்: கடித்தால், கக்கினால், காணாமல் போனால்

வீட்டில் வளர்க்கும் அமெரிக்கப் பாம்பான கிங்ஸ்நேக் கையைக் கவ்விக்கொண்டு விடவில்லை என்றால் அது கோபமில்லை, பசி. கோபக்கடி வேறு மாதிரி இருக்கும். வாலைப் படபடவென்று உதறும், கழுத்தை வளைத்துப் பின்வாங்கும், வெடுக்கென்று கொத்திவிட்டு உடனே விட்டுவிடும். கூடவே நாற்றத் திரவத்தையும் பீச்சும். பசிக்கடியில் கவ்வி, மென்று, விரலைச் சுற்றி இறுக்கும். விஷம் கிடையாது. ஆனால் பிடித்து இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கும் விடாவிட்டால் வாயோரத்தில் ஓரிரு சொட்டு மவுத்வாஷ். பிறகு காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

இது வராமல் தடுக்க இரண்டு பழக்கம் வேண்டும். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டுக்குள் விடக்கூடாது. தூக்குவதற்கு முன் கொக்கியாலோ சுருட்டிய தாளாலோ முதுகில் மெல்லத் தட்ட வேண்டும். அந்தத் தட்டல்தான் ‘இது சாப்பாடு இல்லை’ என்று அதற்குச் சொல்லும் மொழி.

* * *

கடிக்குக் காரணம் பசி என்றேன். அதற்காகக் கேட்கும்போதெல்லாம் கொடுப்பதுதான் பெரிய தவறு, ஏனென்றால் கிங்ஸ்நேக் எப்போதும் கேட்கும். குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குட்டி. வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு முழு சுண்டெலி. இரையின் பருமன் பாம்பின் நடுவுடல் பருமன் அளவு, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு.

உறைந்த எலியை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பையோடு 40 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெளியே வெந்து உள்ளே பனியாக இருக்கும், வயிறும் வெடிக்கும். நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுங்கள்.

கக்கிவிட்டால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: நடு உறைந்திருந்தது, இரை பெரிது, சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள் யாரோ தூக்கினார்கள். கூண்டின் சூட்டுப்பக்கம் ஆறிப்போயிருந்தாலும் இதே கதைதான். கக்கிய மறுநாளே இன்னொன்று கொடுப்பவர்கள் உண்டு. இரைப்பை அமிலம் திரும்ப ஊற வேண்டாமா? 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும், அடுத்த இரை வழக்கத்தில் பாதி. மறுபடி கக்கினால் ஊர்வன பார்க்கும் மருத்துவர்.

* * *

சூட்டுப்பக்கம் என்றதால்: ஒரு முனை 30 டிகிரி செல்சியஸ், மறுமுனை 23 முதல் 25. இரண்டு முனையிலும் பாம்பு ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும். ஒரே மறைவிடம் குளிர்ப்பக்கம் இருந்தால் பாம்பு பாதுகாப்பைத் தேர்ந்துகொண்டு சூட்டை விட்டுவிடும், செரிமானம் கெடும். ஹீட் மேட்டை (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் எனும் சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் சொருகாதீர்கள். வயிற்றடியில் தீக்காயம் வரும், பாம்பு வலித்து நகரும் என்று நம்ப முடியாது. அதன் சென்சார் காற்றில் தொங்கக் கூடாது, ஹீட் மேட்டுக்கு நேர் மேலே தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

வளர்ந்ததுக்கு 4 அடிக்கு 2 அடி கூண்டு. தரையில் ஆஸ்பென் மரச்சீவல் இரண்டு மூன்று அங்குலம், உள்ளே புதைந்து வழி தோண்டும். செடார் சீவல் கூடாது, அதன் எண்ணெய் நஞ்சு.

பூட்டு! தலை நுழையும் இடைவெளியில் முழுப் பாம்பும் நுழைந்துவிடும். கண்ணாடி சறுக்குக் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்து இடுக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் இன்று காட்டில் திரியும் கிங்ஸ்நேக்குகள், வளர்ப்பிலிருந்து தப்பியதும் விடப்பட்டதுமான பாம்புகளின் வழித்தோன்றல்கள்தான். அந்தத் தீவுக்கே உரிய பெரும்பல்லிகளைத் தின்று தீர்க்கின்றன.

* * *

‘இரண்டை ஒன்றாக வைக்கலாமா’ என்ற கேள்விக்கு ஒரே பதில்: கொஞ்ச நாளில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் குண்டாக. ‘கிங்’ என்ற பெயரே மற்ற பாம்புகளைத் தின்பதால் வந்தது. காட்டில் விஷமுள்ள ராட்டில்ஸ்நேக்கையே விழுங்கும், அதன் விஷத்தைப் பெருமளவு தாங்கும். (ராஜநாகமும் பாம்புத்தின்னிதான், ஆனால் இரண்டுக்கும் உறவு தூரம்.) இணைசேர்க்கும்போது கூட இரண்டுக்கும் முதலில் நன்றாக இரை கொடுத்து, செரித்த பின் சேர்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

* * *

சட்டை உரிப்பு: கண் நீலம் பாய்ந்தால் இரையும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். ஈரப் பாசி போட்ட மூடிய டப்பா ஒன்றைத் துளையிட்டு உள்ளே வையுங்கள். உரித்த சட்டையில் இரண்டு கண்மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற தோல்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இடுக்கியால் பிடுங்காமல் ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை பொறுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரி கருப்புப் புள்ளிகள் மிதந்தால் அது உண்ணிப்பேன். சீவல் முழுவதையும் பையில் கட்டி வெளியே போட்டு, காகிதத் தரைக்கு மாறுங்கள்.

இன்னொன்று. கருப்பில் வெள்ளைப் பட்டை போட்ட வகையின் படத்தைப் பார்த்து, ஊரில் அதே மாதிரி ஒன்றைக் கண்டால் கிட்டே போய்விடாதீர்கள். அது கட்டுவிரியனாக இருக்கலாம்.